ஆகா சொல்லத் தெரியாத அரசன்

முன்னொரு காலத்தில், மலையடிவாரத்தில் மிளகும் ஆற்றங்கரையில் நெல்லும் விளைந்த ஒரு நாட்டை வச்சிரபாகு என்ற அரசன் ஆண்டுவந்தான். அந்த நாட்டின் பெயர் கதை சொல்லி வந்தவர்களுக்கே மறந்துபோய்விட்டது. அரசனுக்கு நேர்ந்த ஓர் அவமானம் மட்டும் யாருக்கும் மறக்கவில்லை.

வச்சிரபாகு நல்ல அரசன்தான். வாளெடுத்தால் எதிரே நிற்க ஆள் கிடையாது. லாயத்துக்குள் நுழையும்போதே, குளம்புச் சத்தத்தைக் கேட்டு எந்தக் குதிரைக்கு லாடம் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். மலைக்கொழுந்து என்ற பட்டத்து யானையோடு தினமும் பேசாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. ஆனால் பாட்டு, ஆட்டம், ஓவியம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் அவனுக்குக் கொட்டாவி வந்துவிடும். பாட்டு என்பது விருந்துக்கு இலை போடும் வரை நேரத்தை ஓட்டுவதற்கு. ஓவியம் என்பது சுவரின் ஈரக்கசிவை மறைப்பதற்கு. அவ்வளவுதான் அவன் கணக்கு.

அவனுடைய மைத்துனன் வேங்கையன் பக்கத்து நாட்டு அரசன். அரசி மதிவதனிக்கு அண்ணன். கலைகளில் கரைகண்டவன் என்று ஊர் உலகமெல்லாம் பெயர் வாங்கியவன். அவன் வீட்டு விழாவுக்கு வச்சிரபாகு போயிருந்தபோதுதான் அது நடந்தது. உமையாள் என்ற ஆடல் வல்ல பெண்மணி, மகன் இறந்த செய்தியைக் கேட்ட ஒரு தாயாக நடித்து ஆடிக்கொண்டிருந்தாள். செய்தியைக் கேட்டாள், தடுமாறினாள், அடியற்ற மரம்போல் சாய்ந்தாள். சபையே மூச்சை அடக்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் வச்சிரபாகு துள்ளி எழுந்தான்.

"பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே! வைத்தியரைக் கூப்பிடுங்கள்! அந்த அம்மாள் மயங்கி விழுந்துவிட்டாள்!"

வேங்கையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் சிரித்ததால் சபை சிரித்தது. விழுந்து கிடந்த உமையாள் மட்டும் சிரிக்காமல் தலையைத் தூக்கி வச்சிரபாகுவை வியப்போடு பார்த்தாள். அதைக் கவனிக்கும் நிலையில் அவன் இல்லை.

ஊர் திரும்பும் வழியெல்லாம் தேருக்குள் மதிவதனி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டே வந்தாள். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"சிரிச்சுக்கோ. அடக்கி வெச்சா வயிறு வலிக்கும்" என்றான் அரசன்.

அவ்வளவுதான், அவள் நாட்டு எல்லை தாண்டும் வரை சிரித்தாள். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பங்குனி விழாவுக்கு அண்ணன் நம்ம ஊருக்கு வரப்போறார். அந்த ஆடுற அம்மாவையும் கூட்டிக்கிட்டு வரேன்னு சொல்லியிருக்கார். அப்போ மட்டும் யாரையும் கூப்பிட்டுடாதீங்க" என்றாள்.

வாள் வெட்டைத் தாங்கிக்கொண்டவன்தான் வச்சிரபாகு. இதைத் தாங்க முடியவில்லை. மறுநாள் காலையில் சபையைக் கூட்டினான்.

"பங்குனி விழாவுக்குள் நான் ரசிகனாக வேண்டும். எப்படியென்று சொல்லுங்கள்."

ஆஸ்தான பண்டிதர் அகண்டேசுவரர் எழுந்தார். நிறையப் படித்தவர்தான். ஆனால் படித்ததை அடுத்தவர் தலையில் குட்டுவதற்காகவே வைத்திருந்தார். அவர் சொல்லும் எதற்கும் தலையாட்ட, அரண்மனை அதிகாரி வெண்காடர் எப்போதும் பக்கத்திலேயே இருப்பார்.

"மன்னா, கலைகளை முறைப்படி கற்கப் பல பிறவிகள் வேண்டும். அதற்கு இப்போது அவகாசம் இல்லை. அடியேன் தங்களுக்குப் பின்னால் அமர்ந்துகொள்கிறேன். நான் ஒருமுறை செருமினால் தாங்கள் கண்ணை மூடித் தலையை அசைக்க வேண்டும். இருமுறை செருமினால் 'ஆகா' என்று சொல்ல வேண்டும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

வெண்காடர் உடனே, "அற்புதம்!" என்றார்.

அரசனுக்கும் அது பிடித்துப்போனது. போர்க்களத்தில் முரசடிக்குப் படை நகர்வதுபோல இதுவும் ஓர் ஏற்பாடு என்று நினைத்தான். அடுத்தடுத்துச் சில கச்சேரிகள் நடந்தன. பண்டிதர் செருமுவார், அரசன் "ஆகா!" என்பான், அரசன் சொன்னதும் சபை முழுவதும் "ஆகா! ஆகா!" என்று முழங்கும். போகப்போகச் சபையோர் அரசன் வாயைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள். செருமல் கேட்ட உடனேயே முழங்கினார்கள்.

அப்படியிருக்கும்போது பண்டிதருக்கு ஜலதோஷம் பிடித்தது.

அன்று ஒரு வீணை வித்துவான் தொலைவிலிருந்து வந்திருந்தார். உட்கார்ந்து, தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகிச் சுருதி கூட்டத் தொடங்கினார். பண்டிதர் தொண்டையில் கோழை அடைத்தது, இருமுறை செருமினார். "ஆகா!" என்றான் அரசன். சபை முழங்கியது. வித்துவானுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த ஊரில் பிருடை திருகுவதைத்தான் விரும்புகிறார்கள் போலிருக்கிறது என்று எண்ணி, மறுபடியும் திருகினார். மறுபடியும் செருமல், மறுபடியும் ஆகா. இன்னும் கொஞ்சம் திருகியதும் 'டங்' என்று தந்தி அறுந்தது. பண்டிதர் ஒருமுறை செருமினார். அரசன் கண்ணை மூடி, உருகி உருகித் தலையை அசைத்தான்.

சபையின் ஓரத்திலிருந்து ஒருவன் சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டான். அவன் தொந்தியப்பன், அந்த அரசவையின் விகடன். பெயருக்கேற்ற வயிறு அவனுக்கு. அது உருள்வதற்கு வசதியாகவும் இருந்தது.

"எதற்குச் சிரிக்கிறாய்?" அரசன் குரல் இடித்தது.

தொந்தியப்பன் எழுந்து கைகட்டினான். "மன்னிக்க வேண்டும் அரசே. தாங்கள் இவ்வளவு ரசித்தது வீணையை என்று வித்துவான் நினைத்துக்கொண்டிருக்கிறார். பண்டிதரின் சளியை என்று அவருக்கு யாராவது சொல்லிவிட்டால் நல்லது."

வச்சிரபாகு முகம் சிவந்தது. கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். பண்டிதர் அதைப் பார்த்துக்கொண்டார். தொந்தியப்பன் மேல் அவருக்கும் வெண்காடருக்கும் நெடுநாள் பொறாமை. தாங்கள் வியர்வை சிந்தி ஏடு புரட்டும்போது, இவன் ஒரு வார்த்தை சொல்லிப் பட்டுச் சால்வை வாங்கிப் போய்விடுகிறானே என்று.

"மன்னா," என்றார் பண்டிதர், "என் முறையைப் பழிக்கிறவனுக்கு வேறு முறை தெரிந்திருக்கத்தானே வேண்டும்? ரசனை என்பது சாத்திரம் இல்லாமலே வந்துவிடுமானால், அதை நாளை இந்தச் சபைக்குக் கொண்டுவந்து காட்டட்டும்."

"ஆமாம், ஒரு பாத்திரத்தில் போட்டு!" என்றார் வெண்காடர்.

அரசன் இருந்த வேகத்தில், "அப்படியே ஆகட்டும். தொந்தியப்பா, நாளை ரசனையை ஒரு பாத்திரத்தில் கொண்டுவந்து என் முன்னால் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உன்னைக் கழுதைமேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து நாடு கடத்துவேன்" என்றான்.

மறுநாள் தொந்தியப்பன் மூடிபோட்ட ஈயச்சொம்பு ஒன்றைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்தான். சிம்மாசனத்தின் முன்னால் வைத்து மூடியைத் திறந்தான். ஆவி பறந்தது. மிளகும் சீரகமும் மணத்தன.

"இது என்ன?"

"ரசம், அரசே."

சபை கொல்லென்று சிரித்தது. "நான் கேட்டது ரசனை!" என்றான் அரசன்.

"முதலில் இதைக் குடியுங்கள். ரசம் உள்ளே போனால் ரசனை தானாக வெளியே வரும்."

காலையில் ஒன்றும் சாப்பிடாமல் சபைக்கு வந்திருந்த அரசன், மணத்துக்கு மயங்கி ஒரு வாய் குடித்தான். நாக்கைச் சப்புக்கொட்டினான். இன்னொரு வாய் குடித்தான். புருவம் சுருங்கியது.

"புளி புதுசு. இன்னும் கொஞ்ச நாள் உப்புப் போட்டு வைத்திருக்க வேண்டும். மிளகை நைய இடித்துவிட்டான். ஒன்றிரண்டாகத் தட்டியிருந்தால் கடைசியில் தொண்டையில் நின்றிருக்கும். ஆனால் இறக்கும் நேரம் பார்த்து இறக்கியிருக்கிறான், கொதித்துக் கெட்டுப்போகவில்லை. பெருங்காயம்... ம்ம், பெருங்காயம் நன்றாக இருக்கிறது."

"இவ்வளவும் எந்தச் சாத்திரத்தில் படித்தீர்கள் அரசே?"

"இதற்கு எதற்கடா சாத்திரம்? என் நாக்குக்குத் தெரியாதா?"

"பண்டிதர் செருமினாரா?"

அரசன் சொம்பைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றான். யாரும் செருமவில்லைதான். அவன் வாய் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. பிறகு சபை அதிரச் சிரித்தான். "கேட்டபடியே பாத்திரத்தில்தான் கொண்டுவந்திருக்கிறாய்! பிழைத்துப் போ!"

பண்டிதர் விடவில்லை. "நாக்கு பிறந்த நாள் முதல் சாப்பிடுகிறது மன்னா. கண்ணும் காதும் அப்படியா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அரசன் தொந்தியப்பனைப் பார்த்தான். அவனோ, "கண்ணும் பிறந்த நாள் முதல் பார்க்கத்தானே செய்கிறது?" என்று சொல்லிவிட்டு, ரசச்சொம்பில் மிச்சமிருந்ததைத் தானே குடித்துவிட்டான்.

அன்று மாலை அவன் அரசனைக் கிழக்கு மண்டபத்துக்கு அழைத்துப் போனான். அங்கே சுவர் முழுக்க யானைகள் ஆற்றில் குளிக்கும் ஓவியம் ஒன்று இருந்தது. எழினியன் என்ற ஓவியர் எழுதியது. அரசன் தினமும் அந்த வழியாகத்தான் லாயத்துக்குப் போவான்.

"பார்த்தாயிற்று. யானை. போகலாமா?" என்றான் அரசன்.

"போகலாம் அரசே. ஒரு சந்தேகம் மட்டும் தீர்ந்தால் போதும். இதில் எந்த யானைக்கு உடம்பு சரியில்லை?"

"சித்திரத்து யானைக்கு என்னடா உடம்பு?"

"யானையைப் பற்றித் தங்களைத் தவிர வேறு யாரைக் கேட்பேன்?"

அரசன் அலுப்போடு திரும்பினான். முன்னால் நின்ற ஆண்யானை தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு குறையும் இல்லை. குட்டிகள் சேற்றில் புரண்டன. ஒரு குட்டி வால் முறுக்கியிருந்த விதத்தைப் பார்த்ததும், அது அடுத்த கணம் தண்ணீருக்குள் பாயப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்தது, லேசாகச் சிரித்துக்கொண்டான். இன்னும் ஓரத்தில், நாணலுக்குப் பக்கத்தில், ஒரு கிழப் பெண்யானை தனியாக நின்றது. எல்லா யானைகளும் தண்ணீரில் இருக்க, அது மட்டும் ஏன் கரையில் நிற்கிறது? அரசன் கிட்டே போனான். அதன் வலது முன்னங்கால் முழுதாகத் தரையில் பதியவில்லை. காது விசிறாமல் ஒடுங்கியிருந்தது. இடது காதின் ஓரத்தில் ஒரு சிறிய கிழிசல்.

"தொந்தியப்பா..." அரசன் குரல் மாறிவிட்டது. "இது கார்வண்ணிடா. மலைக்கொழுந்தோட தாய். பாதத்துல ஆணி குத்திக் கிடந்தாளே... நான்தான் மடியில காலை வெச்சு ஆணியை எடுத்தேன். எடுத்து முடிக்கிற வரைக்கும் என் தோள்ல தும்பிக்கையைப் போட்டுக்கிட்டு அசையாம நின்னா."

கார்வண்ணி இறந்து வெகுநாள் ஆகிவிட்டது. அவன் சுவரில் தெரிந்த அந்தக் கிழிந்த காதைத் தடவிப் பார்த்தான். சுண்ணாம்பின் குளிர்ச்சிதான் கையில் பட்டது. ஆனாலும் கையை எடுக்க மனம் வரவில்லை. தன்னைப் போலவே இன்னொருவனும் அவளை உட்கார்ந்து பார்த்திருக்கிறான். அவள் வலியைக்கூடப் பார்த்திருக்கிறான். அதை இங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். தினமும் இவளைக் கடந்துதானே போனோம் என்று நினைத்தான்.

தொந்தியப்பன் சற்று விலகி நின்றுகொண்டான். அவனுக்கும் எப்போது பேசக் கூடாது என்று தெரியும்.

அதற்குப் பிறகு அரசன் தானாகவே வர ஆரம்பித்தான். ஒரு நாள் எழினியனையே கூப்பிட்டு, "அந்தக் குட்டி தண்ணீரில் பாயப்போகிறது, அப்படித்தானே?" என்று கேட்டான். ஓவியர், "அடுத்த நொடியே பாய்ஞ்சிருச்சு அரசே, என் மேலெல்லாம் சேறு" என்றார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாட்டைக் கேட்கும்போது காதை மட்டும் கொடுத்துவிட்டு உட்கார்ந்து பழகினான். சில பாட்டு பிடித்தது, சில பிடிக்கவில்லை. பிடிக்காதபோது பிடிக்கவில்லை என்று சொல்வதில் இருந்த கூச்சமும் போனது.

பங்குனி விழா வந்தது. வேங்கையன் பரிவாரங்களோடு வந்து இறங்கினான். தேரிலிருந்து கால் வைக்கும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"என்ன மாப்பிள்ளை, வைத்தியர் எல்லாம் தயாராக இருக்கிறாரா?"

மதிவதனி, "அண்ணா, சும்மா இருங்க" என்றாள். ஆனால் வேங்கையன் சும்மா இருக்கிறவனா? விருந்து முடிந்து சபை கூடியதும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"மாப்பிள்ளை இப்போது பெரிய ரசிகர் என்று கேள்விப்பட்டேன். ஒரு பந்தயம் வைத்துக்கொள்வோமா? இன்று மாலை உமையாள் ஆடுவாள். தவறான ஒரே ஓர் இடத்தில் நீங்கள் 'ஆகா' சொல்லிவிட்டாலும், கடைசி வரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும் மலைக்கொழுந்து எனக்கு. அப்படி எதுவும் நடக்காவிட்டால், அதே மேடையில் நானே ஏறி ஆடிக் காட்டுகிறேன். எது சரி, எது தவறு என்று உமையாளே சொல்லட்டும்."

மலைக்கொழுந்தின் பெயரைக் கேட்டதும் வச்சிரபாகு மறுக்கத்தான் நினைத்தான். ஆனால் இரண்டு நாட்டுச் சபையும் பார்த்துக்கொண்டிருந்தது. "சரி" என்று சொல்லிவிட்டான்.

அப்போதுதான் பண்டிதரும் வெண்காடரும் சேர்ந்து எழுந்தார்கள்.

"பந்தயம் நேர்மையாக நடக்க வேண்டும் மன்னா," என்றார் பண்டிதர். "தொந்தியப்பன் முகத்தைக் கோணி, சாடை காட்டி உதவினான் என்று நாளை யாரும் சொல்லிவிடக் கூடாது. ஆகவே இன்று அவன் சபையில் யார் பக்கத்திலும் உட்காரக் கூடாது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. தங்கள் கண்ணில் படும் இடத்துக்கும் வரக் கூடாது."

வேங்கையன் அதை ஆமோதித்தான். வச்சிரபாகு வேறு வழியில்லாமல் அப்படியே உத்தரவிட்டான். தொந்தியப்பன் உத்தரவை ஒருமுறைக்கு இருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, கும்பிட்டுவிட்டு வெளியே போனான்.

அந்த யோசனைக்குள் இருந்த சூது அரசனுக்குத் தெரியவில்லை. பண்டிதர் வழக்கம்போல அரசனுக்குப் பின்னால் உட்காருவார். ஆட்டத்தின் நடுவே, சற்றும் பொருந்தாத ஓர் இடத்தில் இருமுறை செருமுவார். பழகிய வாய், அரசன் தன்னை மறந்து 'ஆகா' என்பான். யானை போகும், தொந்தியப்பன் கற்றுக்கொடுத்த லட்சணம் இதுதான் என்று பழி அவன்மேல் விழும், கழுதையும் தயாராகும். இதுதான் இருவரும் போட்ட திட்டம்.

மாலை வெயில் தணிந்ததும் மத்தளம் ஒலித்தது. உமையாள் மேடைக்கு வந்தாள். அன்று அவள் எடுத்துக்கொண்டது, போருக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் கதை.

அவள் வாசல் தெளித்தாள். மேடையில் தண்ணீரே இல்லை, ஆனால் முன்வரிசையில் இருந்தவர்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். விளக்கேற்றினாள். தொலைவில் மத்தளம் குதிரைக் குளம்பாக ஒலித்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். வேறு யாரோ. திரும்பி வந்தாள்.

வச்சிரபாகு இருக்கையின் நுனிக்கு நகர்ந்தான். அழகாக இருக்கிறதா, இல்லையா? எந்த இடத்தில் சொல்வது, எந்த இடத்தில் பேசாமல் இருப்பது? பழைய பயம் திரும்பிவிட்டது. பின்னால் பண்டிதர் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. "க்ஹ..." என்று செருமல் கிளம்பியது. அரசன் வாய் தானாகத் திறந்தது.

"...ம்ப்!"

அந்தச் செருமல் முழுதாக வரவில்லை. அரசன் லேசாகத் திரும்பிப் பார்த்தான். பண்டிதரின் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. அவருக்குப் பின்னால், தட்டு நிறையக் கொழுக்கட்டையோடு தொந்தியப்பன் நின்றுகொண்டிருந்தான். அரசன் திரும்பியதும் சட்டென்று தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டான். தொந்தி மட்டும் கொஞ்சம் வெளியே தெரிந்தது.

பண்டிதர் அவசரமாக மென்று விழுங்கிவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தார். அடுத்த கொழுக்கட்டை உள்ளே போனது. இரண்டு அரசர்கள் உட்கார்ந்திருக்கும் சபையில், ஆட்டத்தின் நடுவே, வாய் நிறைய வெல்லப் பூரணத்தோடு அவர் என்ன சத்தம் போட முடியும்? விழுங்குவார், திறப்பார், நிரம்பும். பிறகு திறக்கவே பயந்து, வாயை இறுக மூடிக்கொண்டு மேடையைப் பார்த்தார்.

அரசன் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினான். அந்தச் சிரிப்போடு பயமும் போய்விட்டது. செருமல் இனி வராது. அவனும் அந்தப் பெண்ணும்தான்.

மேடையில் விளக்கு அணையும் நேரம். அவள் எண்ணெய் விட்டாள். ஊர் அடங்கிவிட்டது. காத்திருந்து காத்திருந்து அவள் முகம் வற்றிப்போயிருந்தது. படை கிளம்பும்போது முரசுதான் வச்சிரபாகுவின் காதில் விழும். கதவுக்குப் பின்னால் நிற்கிறவர்களை அவன் நினைத்ததே இல்லை. எத்தனை வீடுகளில் இப்படி எண்ணெய் விட்டிருப்பார்கள் என்று முதல் தடவையாக நினைத்தான்.

மறுபடியும் மத்தளம். வெகு தூரத்தில், மெதுவாக. தடக்... தக... தடக்... தக...

அரசன் நிமிர்ந்தான். அது நொண்டும் குதிரை. ஒரு முன்னங்கால் ஊன்றவில்லை. இன்னும் உற்றுக் கேட்டான். அடி இலேசாக விழுந்தது. முதுகில் ஆள் இல்லை! ஆளில்லாமல் குதிரை மட்டும் வருகிறதென்றால்... ஐயோ, இந்தப் பெண்ணுக்கு யார் போய்ச் சொல்வது?

சத்தம் நின்றது. சற்றுப் பொறுத்து மறுபடியும் கிளம்பியது. மறுபடியும் நின்றது.

தனியாக வரும் குதிரை இப்படி நின்று நின்று வராது. லாயத்தின் வாடை பட்டால் நொண்டியாவது ஓடிவரும். இது யாருடைய நடைக்கோ காத்து நிற்கிறது. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, குதிரைக்கு வலிக்குமே என்று இறங்கி, கூடவே ஒருவன் நடந்து வருகிறான்!

"வந்துட்டான்!" வச்சிரபாகு எழுந்து நின்று கத்தினான். "அம்மா, கதவைத் திற! அவன் நடந்து வரான்!"

ஆட்டம் நின்றது. மத்தளம் நின்றது.

வேங்கையன் கைதட்டிக்கொண்டு எழுந்தான். "தொலைந்தது! மாப்பிள்ளை பழைய மாப்பிள்ளைதான்! அவள் இன்னும் கதவுப் பக்கமே போகவில்லை, அதற்குள் யார் வந்தான்? யானையை அவிழ்த்துவிடுங்கள்!"

வச்சிரபாகு அப்படியே உட்கார்ந்தான். அரசியைப் பார்க்கத் துணிவில்லை.

தூணுக்குப் பின்னால் ஒரு கை மேலே உயர்ந்து, விடாமல் ஆடியது.

"என்னடா?" என்றான் அரசன் சோர்வோடு.

கை வாயைக் காட்டியது. பூட்டுப் போட்டதுபோல் சாடை செய்தது.

"பேசு. வெளியே வந்தே பேசு."

தொந்தியப்பன் தட்டோடு வெளியே வந்து வேங்கையன் பக்கம் திரும்பினான். "அரசே, பந்தயம் 'ஆகா' என்ற சொல்லுக்குத்தான். நம் அரசர் 'ஆகா' சொல்லவே இல்லை. 'வந்துட்டான்' என்றுதான் சொன்னார். அது சரியா தவறா என்று சொல்ல வேண்டியவர் மேடையில் நிற்கிறார். அவரை யாரும் இன்னும் கேட்கவில்லை."

எல்லோரும் உமையாளைப் பார்த்தார்கள். அவள் மேடையின் விளிம்புக்கு வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் மட்டும் வெளிச்சம்.

"நானும் என் மத்தளக்காரரும் ரொம்ப யோசிச்சு வெச்ச இடம் அது" என்றாள். "குதிரை நொண்டணும், மேல ஆள் இருக்கக் கூடாது, ஆனா கூட ஒருத்தர் நடந்து வரணும். அதையெல்லாம் அடியிலேயே சொல்லிப் பார்க்கலாம்னு வெச்சோம். எத்தனையோ சபையில ஆடியாச்சு. நான் கதவைத் திறந்து, முகத்துல சந்தோஷத்தைக் காட்டின அப்புறம்தான் எல்லாரும் ஆகா சொல்லுவாங்க. நான் திறக்கிறதுக்கு முன்னாடி அவன் வந்ததை இன்னைக்குத்தான் ஒருத்தர் கேட்டிருக்கார்." அவள் வச்சிரபாகுவை நோக்கிக் கைகூப்பினாள். "போன தடவை எனக்கு வைத்தியரைக் கூப்பிட்டவரும் நீங்கதான். அன்னைக்கே சொல்லணும்னு நினைச்சேன். நான் விழுந்ததை நிஜம்னு நம்பினவர் அந்தச் சபையில நீங்க ஒருத்தர்தான் அரசே."

மத்தளக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த நொண்டிக் குதிரையை விட்ட இடத்திலிருந்து மறுபடியும் நடக்கவைத்தார். உமையாள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். அந்தத் திறப்பைப் பார்த்துச் சபையில் ஒருவர்கூட 'ஆகா' சொல்லவில்லை. மதிவதனி கணவனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்ததும் அரசன் பண்டிதரிடம் திரும்பினான். "பண்டிதரே, என்ன இது? கன்னமெல்லாம் பூரணம்?"

தொந்தியப்பன் முந்திக்கொண்டான். "அவருக்குத் தொண்டை சரியில்லை அரசே. உட்காரக் கூடாது என்றீர்கள், நின்றேன். பேசக் கூடாது என்றீர்கள், பேசவில்லை. கண்ணில் படக் கூடாது என்றீர்கள், முடிந்தவரை மறைந்துகொண்டேன். ஊட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை."

அரசனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெண்காடர் மெல்ல நழுவி, கூட்டத்துக்குள் மறைந்தார். பண்டிதர் மட்டும் நகரவில்லை. கடைசிக் கொழுக்கட்டையை விழுங்கிவிட்டுத் தலைகுனிந்து நின்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"தவறு செய்யத்தான் வந்தேன் மன்னா. தண்டனை கொடுங்கள். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்த இடத்தில் செருமுவது, யார் எப்படி என்னைப் பார்க்கிறார்கள் என்றே இத்தனை காலம் போய்விட்டது. வாயை அடைத்த பிறகு, வேறு வேலை இல்லாமல், இன்றைக்குத்தான் ஓர் ஆட்டத்தைப் பார்த்தேன்."

"தண்டனையா? இனி எல்லாக் கச்சேரிக்கும் நீர் வர வேண்டும். வந்து, ஒன்றும் சொல்லாமல் ஓரமாக உட்கார வேண்டும். அதுதான் தண்டனை" என்றான் வச்சிரபாகு. பண்டிதர் கும்பிட்ட வேகத்தைப் பார்த்தால் பரிசு வாங்கியவர்போல் இருந்தது.

பிறகு அரசன் மைத்துனன் பக்கம் திரும்பினான். மேடையைக் கையால் காட்டினான்.

"மாப்பிள்ளை, அது... பேச்சுக்குச் சொன்னது..." என்றான் வேங்கையன்.

"ஏறுங்கண்ணா!" என்றாள் மதிவதனி.

வேங்கையன் ஏறினான். கலைகளைப் பற்றி வாய் ஓயாமல் பேசியவன், வாழ்நாளில் ஒருமுறைகூடக் காலைத் தூக்கி ஆடியதில்லை. இடது கால் தாளத்துக்கு முன்னால் போனது, வலது கால் பின்னால் வந்தது, மகுடம் காதுக்குச் சரிந்தது, கை இரண்டும் காக்கை ஓட்டுவதுபோல் அலைந்தன. முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினான். பாதியில் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு, வெட்கத்தை விட்டுவிட்டு, உண்மையான மகிழ்ச்சியோடு குதித்தான். உமையாள் பக்கத்தில் நின்று தாளம் போட்டாள்.

இறங்கி வந்து, மூச்சிரைக்க, இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டான்: "தொந்தியப்பா, பொய் சொல்லாமல் சொல். என் ஆட்டம் எப்படி?"

விருந்தாளி அரசன், நன்றாக இருந்தது என்றால் பொய், இல்லை என்றால் வம்பு. தொந்தியப்பன் ஒரு கணம் கண்ணை மூடி, ஆழ்ந்து யோசித்து, கைகட்டிச் சொன்னான்:

"அரசே, மத்தளக்காரர் இன்று மிக அருமையாக வாசித்தார்."

வச்சிரபாகு சிம்மாசனத்தின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். வேங்கையனும் சேர்ந்துகொண்டான். சிரிப்பு மண்டபத்தைத் தாண்டி, லாயம் வரைக்கும் போய்க் கேட்டது. சிரிப்பு நிற்காமலே வச்சிரபாகு தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தொந்தியப்பன் கழுத்தில் போட்டான். நாளை முதல் இந்த மண்டபமும் கிழக்கு மண்டபமும் ஊரார் எல்லோருக்கும் திறந்திருக்கும் என்று அறிவித்தான். முத்துமாலை தொந்தியப்பனின் வயிற்றின் மேல் படுத்துக்கொண்டு, அவன் சிரிக்கும்போதெல்லாம் துள்ளித் துள்ளிக் குதித்தது. பந்தயத்தில் தோற்றவனும் வென்றவனும் சேர்ந்து சிரித்துக்கொண்டே சாப்பிடப் போனார்கள் என்று, கேட்டவர்கள் சொல்ல, நாமும் கேட்டு மகிழ்ந்தோம்.